வெள்ளைக் கோடு

சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் கோதண்டம் அம்மன் கோயிலைச் சுற்றி இரண்டு கோடு போட்டு முடித்திருந்தார். பால் பவுடர் டின் ஒன்றின் அடியில் ஆணியால் வரிசையாக ஓட்டை போட்டு வைத்திருப்பார். அதில் பிளீச்சிங் பவுடரை நிரப்பி, முதுகை வளைத்து, டின்னை லேசாக உதறிக்கொண்டே நடந்தால் கோடு நூல் பிடித்த மாதிரி விழும். புங்கஞ்சேரியில் அந்த வேலைக்கு அவரை விட்டால் ஆள் கிடையாது. பி.டி.ஓ. ஜீப் வந்தாலும் சரி, பெண் அழைப்பு வந்தாலும் சரி, தெருவின் இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு இருந்தால்தான் ஊருக்கே ஒரு களை என்று எல்லோரும் நினைத்தார்கள். கோதண்டமும் அப்படித்தான் நினைத்தார். அந்த நெடி மூக்கில் ஏறினாலே கிருமியெல்லாம் மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டதாக ஒரு நம்பிக்கை வரும்.

இந்த வாரம் அந்த நம்பிக்கை அவருக்கு வரவில்லை. கோடு இரண்டு இடத்தில் நெளிந்துவிட்டது. "இன்னா கோதண்டம், கோட்டுக்கும் சீக்கா?" என்று கோயில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த வெங்கடேசன் கேட்டார். பஞ்சாயத்துத் தலைவர் பதவி முடிந்துபோயும் ஊர் அவரைத் தலைவர் என்றே கூப்பிட்டது. கோயில் தர்மகர்த்தாவும் அவர்தான். வழக்கமாக இப்படி ஏதாவது சொன்னால் கோதண்டம் இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுப்பார். அன்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு, நெளிந்த இடத்தைக் காலால் அழித்துத் திரும்பப் போட்டார்.

சீக்கு வந்து ஆறு நாள் ஆகியிருந்தது. முதலில் விழுந்தவன் கோபால். ஹைவே ஓரத்து ஸ்பேர் பார்ட்ஸ் கம்பெனியில் லைனில் நிற்கிறவன், நல்ல திடகாத்திரமான ஆள். ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. பார்த்துவிட்டு வந்து, பானையிலிருந்து இரண்டு சொம்பு மொண்டு குடித்துவிட்டுப் படுத்தான். திங்கட்கிழமை விடிந்ததிலிருந்து சோறு வடித்த கஞ்சியாகப் போக ஆரம்பித்தது. மத்தியானத்துக்குள் கண் உள்ளே போய், விரலெல்லாம் ஊறிச் சுருங்கி, அவன் பெண்டாட்டி ராஜம்மாவே திகைத்துப்போகிற அளவுக்கு முகம் மாறிவிட்டது. காஞ்சிபுரத்துக்கு வேனில் ஏற்றினார்கள், வழியிலேயே முடிந்துவிட்டது. மறுநாள் மேட்டுத்தெருவில் ஒரு கிழவர். அதற்குள் பதினோரு பேரை ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. ஊரில் யாரும் வாந்திபேதி என்று வாயால் சொல்லவில்லை. அம்மா விளையாடுகிறாள் என்றார்கள். எல்லா வாசலிலும் வேப்பிலை தொங்கியது, யார் வீட்டிலும் தாளிப்பு வாசனை வரவில்லை. பிள்ளைப்பாக்கத்திலிருந்து தயிர் கொண்டு வருகிறவள்கூட எல்லையோடு திரும்பிப் போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை சுகாதார ஆய்வாளர் ஜீப்பில் வந்தார். மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்ததற்குப் பிறகு ஜீப் என்றாலே போலீஸ் விசாரணை என்று பழகிப்போன ஊர், முதலில் ஆண்பிள்ளைகள் பாதிப்பேர் ஏரிப்பக்கம் நழுவிவிட்டார்கள். வந்தவர் சிவசங்கர் என்கிற சின்ன வயசுக்காரர். மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை, ஆனால் கேள்வியெல்லாம் கூர்மையாக இருந்தது. கிணற்றுத் தண்ணீரை ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து, அதில் ஏதோ சொட்டு விட்டுப் பார்த்தார். "மருந்து இருந்தா மஞ்சளா மாறணும். மாறலியே. தினமும் பவுடர் போடுறீங்களா?" என்றார்.

"போடுறேன் சார். இன்னிக்கு மட்டும்தான் இன்னும் போடல" என்றார் கோதண்டம். அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது அந்தப் பொய்.

சிவசங்கர் மூன்று மூட்டை பவுடர் இறக்கிவைத்துவிட்டு, வாளியில் கரைத்து, சுண்ணாம்பு கீழே தங்கியதும் மேல் தெளிவைக் கிணற்றில் ஊற்ற வேண்டும், அதன் பிறகு அரை மணி நேரம் யாரும் தண்ணீரைத் தொடக்கூடாது என்று இரண்டு தரம் சொன்னார். எல்லோரும் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னார். ஊர் தலையாட்டியது. அன்று சாயங்காலமே கோயிலில் சாமி வந்தது. ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்று, அதுவரை என் கிணற்றில் எதையும் கலக்காதே என்று சொல்லிவிட்டது. அம்மாவுக்குப் பச்சைத் தண்ணீர்தான் வேண்டும், மருந்துத் தண்ணீர் ஆகாது. புதன்கிழமை காப்புக் கட்டியாயிற்று. மூன்று மூட்டைகளும் கோடுகளாகத் தெருவுக்கு வந்தன. வியாழக்கிழமை பெரிய அதிகாரி ஒருவர் வந்து, இரண்டு பக்கமும் வெண்ணிறமாக இருந்த தெருவைப் பார்த்து, பரவாயில்லையே என்று வெங்கடேசனைப் பாராட்டிவிட்டுப் போனார்.

கோதண்டத்துக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது. செவ்வாய்க்கிழமை அவர் சொன்னது ஒரு நாள் பொய் அல்ல. சித்திரை மாதத்திலிருந்து அவர் கிணற்றில் ஒரு சிட்டிகை பவுடர்கூடப் போடவில்லை.

அதற்கு முன்னால் ஒழுங்காகப் போட்டுக்கொண்டுதான் இருந்தார். காலையில் கிணற்றில் மருந்து விட்டு, மோட்டார் போட்டு டேங்குக்கு ஏற்றுவது அவர் வேலை. ஆனால் குழாயடிக்குப் போனால் பெண்கள் பிடிபிடியென்று பிடித்துக்கொள்வார்கள். சோறு நாறுகிறது, டீ திரிகிறது, தலை முடி கொட்டுகிறது. அதிலும் ராஜம்மாவின் வாய் பெரிய வாய். "ஆஸ்பத்திரி கழுவி வுட்ட தண்ணியாட்டம் கீது. எம்புருசன் வாய்லயே வக்க மாட்டேன்றாரு. உங்கூட்டுக்கும் இதேதான ஊத்துறே?" என்று குடத்தைக் கவிழ்த்துக் கொட்டியே காட்டினாள். கோதண்டத்துக்கு ஊரில் நல்ல பேர் வேண்டும். அது ஒரு பலவீனம்தான். ஒரு நாள் போடாமல் விட்டுப் பார்த்தார். அன்றைக்குக் குழாயடியில் யாரும் திட்டவில்லை. மறுநாளும் போடவில்லை. "மருந்த மாத்திட்டாங்க போல, இப்ப வாசனையே இல்ல" என்று ராஜம்மா சொன்னாள். ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் அவர் சிரித்துவைத்தார். ஆனி மாதக் கடைசியில் ஒரு பெருமழை. ஏரிக்கரையில் ஜனங்கள் ஒதுங்குகிற இடத்தையெல்லாம் கழுவிக்கொண்டு தண்ணீர் கிணற்றுக்குள் இறங்கியதை அவர் கண்ணால் பார்த்தார். இரண்டு நாளில் தெளிந்துவிட்டது. தெளிந்தால் போதும் என்று விட்டுவிட்டார்.

மூன்றாவது கோடு பாதியில் நின்றுபோனது. மூட்டையில் அடியில் ஒட்டியிருந்ததுதான் மிச்சம், நான்கைந்து கைப்பிடி இருக்கும். "அதையும் தட்டிப் போடுப்பா, அரைகொறையா நிக்குது பாரு" என்றார் வெங்கடேசன். தீர்ந்துபோச்சு தலைவரே என்று சொல்லிவிட்டு, கோதண்டம் அந்த மிச்சத்தைத் துண்டில் கட்டி மோட்டார் ரூமில் வைத்தார். எதற்கு என்று அப்போது அவருக்கே தெரியாது.

மத்தியானம் கோயிலுக்குப் பின்னால் அடுப்பு மூட்டிவிட்டார்கள். நொய்யை வேகவைத்து, புளித்த கேழ்வரகு மாவை ஊற்றித் துழாவுகிற வேலையில் கோதண்டத்தின் மனைவி மரகதம் நின்றாள். பத்து வருஷமாக ஊர்க்கூழ் அவள் கைப்பக்குவம்தான். இன்றைக்குக் காய்ச்சுவது இறுகி, புளித்து நிற்கும். நாளை காலை கிணற்றிலிருந்து குடம் குடமாகப் பச்சைத் தண்ணீர் கொண்டு வந்து கரைத்து, மோரும் வெங்காயமும் போட்டால்தான் அது கூழ். இந்தப் பச்சைத் தண்ணீரை நினைத்தால்தான் கோதண்டத்துக்குப் பயம் வந்தது. ஒரு வீட்டுப் பானை ஒரு வீட்டோடு போய்விடும். நான்கு அண்டாவில் கரைத்து ஊர் முழுக்கக் கையேந்திக் குடித்தால் தப்புகிறவன் யார்?

சாப்பிட வீட்டுக்கு வந்தபோது மரகதமும் பின்னாலேயே வந்தாள். மகள் கங்கா ஏழு மாதக் கர்ப்பம், வளைகாப்பு முடிந்து வந்திருக்கிறாள், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் மூடி போட்ட பாத்திரத்தில் காய்ச்சி ஆறிய தண்ணீர். செவ்வாய்க்கிழமையிலிருந்து அல்ல, திங்கட்கிழமை மத்தியானம் கோபாலை வேனில் ஏற்றிய கையோடு கோதண்டம் வீட்டுக்கு வந்து தானே விறகு வைத்துக் காய்ச்ச ஆரம்பித்தார். மகளைத் தவிர வேறு யாரிடமும் காய்ச்சு என்று அவர் சொல்லவில்லை.

மரகதம் கையைக் கழுவவில்லை. மாவு காய்ந்த கையோடு நின்றாள். "அந்த சின்னப் பையன் சொன்னது செவ்வாக்கெழம. நீ தண்ணி காய்ச்சினது திங்கக்கெழம. உனுக்கு எப்டியா முன்னாடியே தெரியும்?"

கோதண்டம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவள் கேட்ட கேள்வி வேறு யாருக்கும் தோன்றியிருக்காது. இருபத்தாறு வருஷம் கூட இருந்தவளுக்குத் தோன்றியது. அவர் சொல்லிவிட்டார். சித்திரையிலிருந்து மருந்து போடவில்லை என்றார். கங்கா வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு அப்பாவையே பார்த்தாள்.

"கோவால நான் தூக்கி வளத்திருக்கேன்யா" என்றாள் மரகதம். பிறகு, திட்டப்போகிறாள் என்று அவர் காத்துக்கொண்டிருந்தபோது, சாதாரணமாகச் சொன்னாள். "நாளைக்கு கூழு கரைக்கறதுக்குள்ள நீயே சொல்லிடு. சொல்லலன்னா நான் கரைப்பேன். கரைக்கறவ மொத சொம்பு குடிக்கணும். ரெண்டாவது சொம்பு மாசமா இருக்கற பொண்ணுக்கு. ரெண்டு பேரும் குடிப்போம்."

"இன்னா பேசறே நீ. வவுத்துல புள்ள கீது அதுக்கு."

"ஊர்லயும் எல்லாருக்கும் புள்ளைங்க கீது" என்று சொல்லிவிட்டு அடுப்புக்குத் திரும்பிப் போய்விட்டாள். சொன்னால் செய்கிறவள் என்பது அவருக்குத் தெரியும். பிசைந்த சோற்றை நாய்க்கு வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் வேலையாக வெங்கடேசன் வீட்டுக்குப் போனார். தலைவர் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, காப்புக் கயிறு கட்டிய கையால் வேட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தார். கோதண்டம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். தலைவர் கேட்டுக்கொண்டே போய்க் கதவைச் சாத்தினார்.

"யாருக்குத் தெரியும் இது?"

"எம்பொண்டாட்டிக்கு, பொண்ணுக்கு."

"அவ்ளோதானே. வாய மூடிக்கினு இரு. ரெண்டு உசுரு போயிருக்கு, ஊரு உன்ன உயிரோட வுடும்னு நெனைக்கிறியா? அப்பால எங்கிட்ட வருவானுங்க. மூட்டைய ரோட்ல போடச் சொன்னது யாருன்னு கேப்பானுங்க. சாமி குத்தம்னு ஊரு ஒத்துக்கினு கீது. அதுல போயி நீ ஏன் கைய வுடறே?"

"கூழு குடிச்சா இன்னும் போவும் தலைவரே."

"அம்மா பாத்துக்குவா" என்றார் வெங்கடேசன். அதை அவர் நம்பித்தான் சொன்னாரா என்று கோதண்டத்தால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் கதவைத் திறந்துவிட்டபோது தலைவர் தன் பேரக் குழந்தையை உள்ளேயே வைத்துக்கொள்ளும்படி மருமகளுக்குச் சத்தம் கொடுத்தது காதில் விழுந்தது.

பதினோரு மணிக்குப் பம்பைச் சத்தம் கிணற்றுப் பக்கம் கேட்டது. மஞ்சள் புடவை கட்டிய பெண்கள் வேப்பிலை செருகிய குடங்களை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையாக வந்தார்கள். கோயில் வாசலில் நான்கு அண்டாக்கள் காலியாக நின்றன. அவற்றில் முதலில் தண்ணீர், பிறகுதான் கூழ் உருண்டைகளை இறக்கிக் கரைப்பார்கள். ஊரே வெயிலில் நின்றது. ஆஸ்பத்திரியில் ஆள் வைத்திருக்கிறவர்கள் முன்வரிசையில் நின்று, கூப்பிய கையை இறக்கவே இல்லை. கோதண்டம் அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அம்மாவே என்று உருகி நிற்கிற இந்தச் சனத்தின் முன்னால் போய் எதைச் சொல்வது? தன் வாயில் வார்த்தை வராது என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

ராஜம்மா கோட்டுக்கு வெளியே நின்றிருந்தாள். கோபால் போய் ஆறு நாள்தான் ஆகிறது, தீட்டு, உள்ளே வரக்கூடாது. கையில் ஒரு தூக்கு இருந்தது. கடைசியில் யாராவது கூழ் கொண்டு வந்து அதில் ஊற்றுவார்கள்.

குடங்கள் அண்டாக்களில் கவிழ்ந்தன. மரகதம் ஈரப் புடவையோடு முதல் அண்டாவின் பக்கத்தில் வந்து நின்றாள். கூட்டத்தில் கணவனைத் தேடினாள், கண்டுபிடித்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்குப் பின்னால் கங்கா சொம்பை ஏந்திக்கொண்டு நின்றாள். மரகதம் கூழ் உருண்டையைக் கையில் எடுத்தாள்.

கோதண்டம் நடந்தார், மோட்டார் ரூமுக்கு. அங்கிருந்து ஒரு கையில் வாளி, தோளில் துண்டு மூட்டையோடு திரும்பி வந்தார். ஓடவில்லை. அண்டாவில் ஒரு வாளி மொண்டு, துண்டை அவிழ்த்து, பவுடரைக் கொட்டி ஒரு குச்சியால் கலக்கினார். அவர் என்ன செய்கிறார் என்று புரிய ஊருக்குக் கொஞ்ச நேரம் ஆனது; சடங்கில் இது ஒரு புது வேலை போலிருக்கிறது என்றே சிலர் நினைத்தார்கள். சுண்ணாம்பு தங்கட்டும் என்று வாளியைத் தரையில் வைத்துவிட்டுக் குனிந்து காத்திருந்தபோதுதான் வெங்கடேசன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "டேய், அம்மா தண்ணிடா அது" என்றார். பம்பை நின்றுவிட்டது.

மரகதம் உருண்டையைத் திரும்பச் சட்டியில் வைத்தாள். வாளிக்கும் தலைவருக்கும் நடுவில் வந்து நின்றாள். "செத்த இருங்க தலைவரே" என்று மட்டும் சொன்னாள். மாவும் மஞ்சளும் பூசிய, காப்புக் கட்டிய பெண்பிள்ளையைத் தொட்டு நகர்த்த அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

மேல் தெளிவை நான்கு அண்டாவிலும் பிரித்து ஊற்றினார் கோதண்டம். நெடி எழுந்தது. தெருவில் நாலைந்து நாளாக எல்லோருக்கும் பழகிப்போன நெடிதான். ஆனால் தண்ணீரிலிருந்து அது வந்தபோது முன்வரிசையில் நின்ற பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள். சுளித்த முகங்கள் அப்படியே நின்றன. எதையோ யோசிக்கிற முகங்கள்.

"அரை மணி நேரம் யாரும் தொடக்கூடாது" என்றார் கோதண்டம். அது சிவசங்கர் சொல்லிக்கொடுத்த வாக்கியம், அதனால் சுலபமாக வந்தது. அதன் பிறகு சொல்ல வேண்டியதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வெள்ளையாகிப் போயிருந்த கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சித்திரைலேர்ந்து நான் கெணத்துல மருந்து போடல. போடறேன்னு பொய் சொல்லிக்கினு இருந்தேன்."

யாரோ ஒரு குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டார்கள். வெங்கடேசன் நாற்காலியைத் தேடிப்போய் உட்கார்ந்தார். கல் வந்து விழும் என்று கோதண்டம் எதிர்பார்த்தார், விழுந்தாலும் அண்டாவின் மேல் விழாமல் இருக்க வேண்டுமே என்று கொஞ்சம் தள்ளி நின்றார். கல் வரவில்லை. கோட்டுக்கு வெளியிலிருந்து குரல்தான் வந்தது.

"கோதண்டண்ணா." ராஜம்மா உரக்கப் பேசவில்லை. குழாயடியில் ஊரையே கூட்டுகிற அந்தத் தொண்டை எங்கேயோ போய்விட்டிருந்தது. "ரோடு பூரா இந்த வாசன. எம்பானைல மட்டும் இல்லாம போச்சே, ஏன்னு நான் யோசிக்கவே இல்ல." அவள் தூக்கைக் கை மாற்றிக்கொண்டாள். "நான் அன்னிக்கி கொடத்த கவுத்துக் கொட்டினேனே. அதுக்கோசரமாண்ணா நிறுத்திட்டே?"

ஆமாம் என்று சொன்னால் பாதிப் பாரம் இறங்கிவிடும். அவள் அதைத் தூக்கிக்கொள்ளத் தயாராக நின்றாள், பாரம் தூக்கிப் பழகியவள். கோதண்டத்தின் கண்ணில் நீர் முட்டியது.

"நீ கொட்டினே. நிறுத்தனது நான்" என்றார்.

ராஜம்மா தூக்கைக் கீழே வைத்தாள். மூன்று கோடுகளும் அவளுக்கு முன்னால் கிடந்தன, மூன்றாவது பாதியில் நின்றது. தீட்டு என்று யாரோ முணுமுணுத்தார்கள், முணுமுணுத்தவர்களே அடங்கிவிட்டார்கள். அவள் கோட்டை மிதித்துக்கொண்டு உள்ளே வந்தாள். குடங்கள் சிந்திய ஈரத்தரையில் அவள் வைத்த ஒவ்வொரு அடியும் வெள்ளையாகப் பதிந்தது. நேராக முதல் அண்டாவுக்கு வந்து, அதன் பக்கத்தில், கோதண்டத்துக்கு எதிரே உட்கார்ந்து, தண்ணீரையே பார்த்தாள். ஒருத்தர் பின் ஒருத்தராகப் பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். யாரும் எழுந்து போகவில்லை.

கங்கா சொம்பை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு அப்பாவின் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் இருபத்திரண்டு நிமிஷம் இருந்தது.